மூட்டைக் கணக்கில் வராத இரண்டு பேர்

பாஞ்சாலி பிறவியிலேயே கோபக்காரி என்று இண்டூரில் சொல்வார்கள். அது பொய். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதில் அவள் சிரிக்கிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும் என்று அவளுடைய கொழுந்தனே சொல்லியிருக்கிறான். அவளைக் கோபக்காரி ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் நல்லவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கணவன் தீர்த்தகிரி குத்தகை நிலத்தில் கேழ்வரகும் அவரையும் போடுகிறவன். அதிகம் பேசமாட்டான். ஒரு ஜோடிக் காளை வைத்திருந்தான். அவன் கூடப் பிறந்தவை போல அவற்றோடு மட்டும் நிறையப் பேசுவான். குடிசைத் தெருவில் கடைசி வீடு அவர்களுடையது. வீடு என்பது மண்சுவரும், மேலே காய்ந்த புல்லும்தான். தெரு முழுக்க அப்படித்தான்.

1938ஆம் வருடம், பங்குனி. ஆட்கள் எல்லாம் களத்து வேலையில் இருந்த நடுப்பகல். யார் வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்தது என்று இன்றுவரை தெரியாது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. முதல் கூரை பற்றியதைப் பார்த்தவர்கள் கத்தி முடிப்பதற்குள் ஐந்தாவது கூரை எரிந்துகொண்டிருந்தது. தெருக்கிணற்றில் வாளி முங்குகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பெரிய கிணறு ஒரு பர்லாங்கு தள்ளி, மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைக்கிற கிணறு. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், ஊற்றினார்கள். நெருப்பு அந்தக் குடத்துத் தண்ணீரைக் கண்டுகொள்ளவே இல்லை.

தீர்த்தகிரி ஓடி வந்தபோது அவன் கூரையின் ஒரு பக்கம் பற்றிவிட்டது. காளைகள் உள்ளே கட்டியிருந்தன. அவன் உள்ளே போனான். கயிற்றை அறுத்திருக்கிறான். காளைகள் இரண்டும் வெளியே பாய்ந்து வந்தன. பின்னாலேயே கூரை உட்கார்ந்தது.

அன்று மாலை துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருத்தி பாஞ்சாலியின் தோளைத் தொட்டு, "என்ன பண்றது சாமி, மாடாவது மிஞ்சுச்சே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். பாஞ்சாலி அவளை எழுந்து நிற்கச் சொல்லி, வாசலைக் காட்டி, வெளியே போகச் சொன்னாள். வாசல்கூட அப்போது இல்லை. எரிந்த இரண்டு நிலைக்கம்பு இருந்தது. மறுநாளே காளைகளைக் கொழுந்தன் வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். அவற்றின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

இன்னொருத்தர் மாரியாத்தா கோபம் என்றார். பூசாரி பொங்கல் வைக்கச் சொன்னார். "ஆத்தாளுக்கு எங்க தெருவு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுதா? ஓட்டு வூட்டுக்காரங்க மேல கோவமே வராதா அவளுக்கு?" என்று பாஞ்சாலி கேட்டாள். பூசாரி காதைப் பொத்திக்கொண்டு போனார்.

நாலைந்து நாள் கழித்துச் சட்டசபை உறுப்பினர் கிருஷ்ணப்பன் வந்தார். தர்மபுரியில் பெரிய கடலைக்காய் மண்டியும் கிடங்கும் அவருடையவை. முந்தைய வருடத் தேர்தலில் ஜெயித்திருந்தார். அந்தத் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான் ஓட்டு. குடிசைத் தெருவில் ஒருவருக்கும் கிடையாது. ஆனாலும் வந்தார், அதைச் சொல்லவேண்டும். காரை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அரிசியும் வேட்டி சேலையும் வண்டியில் வந்தன. சாம்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புல்லுக் கூரையப் போட்டுக்கிட்டுப் பக்கத்துலயே அடுப்பும் வெச்சா தீப் புடிக்காம என்ன பண்ணும்? உங்களுக்கு ஒரு ஜாக்கிரதை வேணாமா?" என்றார்.

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அரிசி வாங்க நிற்கிறவர்கள் தலையாட்டாமல் என்ன செய்வார்கள்? பாஞ்சாலி மட்டும் முன்னால் வந்தாள்.

"மெட்ராசுல தீயணைக்கறதுக்குன்னு ஒரு வண்டி இருக்குதாமுங்களே? மணி அடிச்சுக்கிட்டு வந்து தண்ணி பீச்சுமாமே? அது இந்தப் பக்கம் ஒண்ணு இருந்திருந்தா எம்புருசன் செத்திருக்க மாட்டானுங்களே. சர்க்காருகிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கக் கூடாதுங்களா?"

கிருஷ்ணப்பன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அப்படி. "அது மாடி வூட்டுக்கும்மா. பட்டணத்துக்கு. குடிசைக்கு எதுக்கு இன்ஜின்? நாலு பானைத் தண்ணி பத்தாதா?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். சாம்பல் இன்னும் சூடு ஆறாத தெருவில் நின்று சிரித்தார்கள். பாஞ்சாலி அரிசி வாங்கவில்லை. சேலையும் வாங்கவில்லை. அந்தச் சிரிப்புதான் அவளுக்குக் கிடைத்தது. அதை அவள் விடவில்லை.

வீம்பு வயிற்றை நிரப்பாது. குத்தகை நிலம் கை மாறியது. இரண்டு வருடம் கொழுந்தன் வீட்டில் இருந்து பார்த்தாள், சொல் பொறுக்கவில்லை. தர்மபுரிக்கு வந்தாள். அங்கே ஒரு பெண்ணுக்கு நிலையாகக் கூலி கொடுத்த இடம் கிருஷ்ணப்பனுடைய கடலைக்காய்க் கிடங்குதான். வாசலில் போய் நின்ற அன்று, கால் உள்ளே போகமாட்டேன் என்றது, போனாள். அந்த நாளைப் பற்றிப் பிற்காலத்தில் பேசும்போதுகூட அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அங்கே கடலை உடைக்க ஒரு மெஷின், அதை ஓட்ட ஒரு ஆயில் இன்ஜின். உடைந்த பருப்பைப் புடைத்துச் சொத்தையைப் பொறுக்குவது பெண்களின் வேலை. முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். தூசியில் எல்லாருக்கும் இருமல். பாஞ்சாலியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் ராமக்கா, பென்னாகரத்துக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இவளுடைய தமிழில் 'ரா'வும் 'ஏமி'யும் கலந்து வரும். பாஞ்சாலியின் களியும் ராமக்காவின் துவையலும் ஒரே தட்டில் சேர்ந்தன. இன்னொருத்தி பெரியம்மாள், காது சரியாகக் கேட்காது, வேலையில் புலி. இந்த இரண்டு பேரால்தான் பாஞ்சாலிக்கு மறுபடியும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

கிடங்குக்கு முன்னால் ஒரு பெரிய கதவு, பின்னால் ஒரு சின்னக் கதவு. பின்கதவு எப்போதும் மூட்டையால் அடைத்திருக்கும். முன்கதவைப் பெண்கள் உள்ளே போனதும் வெளியிலிருந்து பூட்டுவார்கள். மடியில் பருப்பு கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் முதலாளி உத்தரவு. சாவி காவல்காரன் மாதுவிடம். சாயங்காலம் திறந்து, ஒவ்வொருத்தியையும் சேலையை உதறச் சொல்லி வெளியே விடுவான்.

"ஆடு மாட்டக் கூடப் படல் சாத்தி வெக்கறாங்க, பூட்டு போடறதில்ல" என்று பாஞ்சாலி மாதுவிடம் சொல்வாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன அக்கா? உத்தரவு போட்டவங்ககிட்டச் சொல்லு" என்பான் மாது. அவன் சொன்னதும் நியாயம்தான்.

அதற்குள் உலகத்தில் சண்டை மூண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சர்க்கார் பட்டணங்களில் தீயணைப்பு நிலையங்களைத் திறந்தது. சேலத்துக்கும் ஒன்று வந்தது. பாஞ்சாலி அந்தச் செய்தியைக் கேட்டுக் கொதித்துப் போனாள். "எங்கியோ இருக்கறவன் குண்டு போடுவான்னா வண்டி வருது. நம்மூட்டு அடுப்புல புடிச்சா வராது. அப்ப நெருப்புலயும் ஒசந்த நெருப்பு, தாழ்ந்த நெருப்புன்னு இருக்குதா?"

குண்டு விழவில்லை. 1945இல் கிடங்கு பற்றியது.

அன்று பாஞ்சாலி வேலைக்கு வந்ததே தாமதம். கதவு பூட்டியாகிவிட்டது. மாது திறக்கமாட்டேன் என்றான், அவள் வெளியில் சாக்கு தைக்க உட்கார்ந்தாள். அதனால் பிழைத்தாள். மத்தியானம் மாது சாவியை மடியில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனான். ஆயில் இன்ஜினிலிருந்து தெறித்த பொறி காலிச் சாக்கு அடுக்கில் விழுந்தது. சாக்கும் கடலைத்தோலும் எண்ணெய்ப் பருப்பும் உள்ள இடத்தில் நெருப்புக்கு வேறென்ன வேண்டும்? புகை கதவிடுக்கில் வந்தபோதுதான் பாஞ்சாலி பார்த்தாள். உள்ளே முப்பது பெண்கள் கதவை அறைகிற சத்தம். அதை விவரிக்க நான் முயலப்போவதில்லை.

அவள் கல்லால் பூட்டை அடித்தாள். நல்ல பூட்டு, முதலாளி நல்ல பூட்டாகத்தான் வாங்கியிருந்தார். வண்டிக்காரர்கள் ஓடிவந்து வண்டியின் நுகத்தடியால் கதவின் கீலை நெம்பினார்கள். மாது சோற்றுக்கையோடு ஓடிவந்தான், கல்லடியில் நசுங்கிய துவாரத்தில் சாவி நுழையவில்லை. கீல் பெயர்ந்து கதவு சாய்ந்ததும் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்தார்கள். ராமக்காவும் வந்தாள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தவள், "பெரியம்மா ஏமாயே? பெரியம்மா எங்க?" என்றாள். காது கேட்காத பெரியம்மாள் மூலையில் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள், யார் கத்தியதும் அவளுக்குத் தெரிந்திருக்காது. பாஞ்சாலி பிடிப்பதற்குள் ராமக்கா உள்ளே ஓடிவிட்டாள்.

இரண்டு பேரும் வரவில்லை.

தபாலாபீசிலிருந்து சேலத்துக்குத் தந்தி போயிருந்தது. சாயங்காலம், சுவர்கள் மட்டும் புகைந்துகொண்டிருந்தபோது, சிவப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்தது. பாஞ்சாலி வாழ்நாளில் முதல்முறையாக அதைப் பார்த்தாள். பித்தளையெல்லாம் பளபளத்தது. குழாய்களை அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். காக்கி உடுப்புப் போட்ட ஆட்கள் குதித்து இறங்கினார்கள். அவளுக்கு அதன் காலில் விழுவதா, கல்லெடுத்து எறிவதா என்று தெரியவில்லை. கல்லைத்தான் எடுத்தாள்.

வண்டியின் தலைமை ஆள் சவுரியப்பன் அந்தக் கல்லைத் தோளில் வாங்கிக்கொண்டான். சேலத்துக்காரன், நாற்பது வயதிருக்கும். "அடிங்க அக்கா" என்றான். "நாப்பது மைலுங்க. தொப்பூர் கணவாய்ல இந்த வண்டி மாடு மாதிரி மூச்சு வாங்குது. தந்தி வந்த நிமிசம் கெளம்பினோம். இதுக்கு மேல எங்களால ஆவலீங்க."

"அப்ப இந்த ஊர்லயே ஒண்ணு இருக்கோணும்" என்றாள் பாஞ்சாலி.

"இருக்கோணுங்க. சண்டை முடிஞ்சுதுன்னா எங்களையே மூடிருவாங்கன்னு பேச்சு. குண்டுக்குத்தான வெச்சாங்க." அவன் சாய்ந்து கிடந்த கதவையும் அதில் தொங்கிய பூட்டையும் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "வெளியில பூட்டியிருந்தாங்களா?"

போலீஸ் விசாரணை நடந்தது. காவல்காரன் மாது கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். மாது ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். உத்தரவு போட்டவர் நஷ்டஈடு கேட்டு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

மறு வருடம் கிருஷ்ணப்பன் மறுபடியும் சட்டசபைக்கு ஜெயித்தார். 1947இல் ஒருநாள், பஸ் நிற்கிற இடத்துத் தையல்காரர் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார். சண்டை முடிந்ததால் தீயணைப்பு நிலையங்களைக் குறைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, நம்மூர் அங்கத்தினர் எழுந்து ஒரு மணி நேரம் பேசினாராம். குறைக்கக் கூடாது, கூட்டவேண்டும், ஒவ்வொரு தாலுகா ஊருக்கும் ஒன்று வேண்டும், அதற்கான பணத்தைச் சர்க்கார் கஜானாவிலிருந்தே கொடுக்கவேண்டும் என்றாராம். "பஞ்சாயத்து போர்டின் வரிப்பணத்தில் ஒரு பம்பு கூட வாங்க முடியாது. திருடன் வந்தால் சர்க்கார் போலீஸ் வருகிறது. தீ வந்தால் ஏழை யாரைக் கூப்பிடுவான்? குடிசைக்கும் மாளிகைக்கும் தீ ஒன்றுதான்." இப்படி. சபையில் மேஜையைத் தட்டினார்களாம். கடைசியில் தன் சொந்தக் கிடங்கு எரிந்த கதையைச் சொல்லி, ஆயிரக்கணக்கான கடலைக்காய் மூட்டைகள் நாசமானதை உருக்கமாக விவரித்தாராம்.

"அப்புறம்?" என்றாள் பாஞ்சாலி.

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

"மறுக்காப் படிங்க. ராமக்கா பேரு வருதா பாருங்க."

தையல்காரர் மறுபடி படித்தார். ராமக்கா இல்லை. பெரியம்மாள் இல்லை. 'இரண்டு கூலிப் பெண்கள்' என்றுகூட இல்லை. மூட்டைகள் இருந்தன.

அவள் நேரே அவர் வீட்டுக்கு நடந்தாள். இப்போது வேலை பார்த்த வேறொரு மண்டியின் தூசி சேலையில் அப்படியே இருந்தது. வேலைக்காரன் தடுத்தான். அவள் போட்ட சத்தத்தில் கிருஷ்ணப்பனே வெளியே வந்தார். அவளை அடையாளம் தெரிந்தது.

"பேப்பர் கேட்டியாம்மா? நீ அன்னிக்கு இண்டூர்ல கேட்டியே, அதைத்தான் நான் சபையில கேட்டிருக்கேன்" என்றார். உண்மையாகவே அவர் முகத்தில் பெருமை இருந்தது.

"கேட்டேனுங்க. நல்லாப் பேசினீங்க. ஒம்பது வருசத்துக்கு முன்ன குடிசைக்கு எதுக்கு இன்ஜினுன்னு சிரிச்சீங்க. உங்க குடோன் எரிஞ்சப்பறந்தான் குடிசை தெரிஞ்சுதுங்களா? சரி, போவட்டும். அந்த ரெண்டு பொம்பளைங்க எங்கங்க? மூட்டையச் சொன்ன வாய்க்கு அவங்களச் சொல்ல வரலீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. வேலைக்காரனை உள்ளே போகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. சர்க்கார்ல இன்னும் முடிவு பண்ணல. அவங்களைச் சொன்னா எப்படிச் செத்தாங்கன்னு கேப்பாங்க. பூட்டு வெளிய வரும். எனக்கு ஆவாதவங்க அதையே புடிச்சுக்குவாங்க. நம்ம தாலுகாவுக்கு வண்டி வராமப் போயிரும். உனக்கு வண்டி வேணுமா, வேணாமா? வேணும்னா கொஞ்ச நாளைக்கு வாயை மூடிட்டு இரு."

பாஞ்சாலி திரும்பி நடந்தாள். அவர் சொன்னதில் பாதி நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. வண்டி வேண்டும். அவள் கேட்டதிலேயே பெரியது அதுதான். அதை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு, செத்தவர்களை மறந்தால் தருகிறேன் என்கிறான். பொய்யன் சொன்னால் காறித் துப்பலாம். இவர் நிஜமாகவே வாங்கித் தரக்கூடியவர்.

சில மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அந்த மாதங்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள்.

1948இல், நிலையத்துக்கு இடம் பார்க்கவும் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கவும் மெட்ராஸிலிருந்து தீயணைப்பு இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். சந்தை மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மேடையில் அதிகாரி, கிருஷ்ணப்பன், ஊர்ப் பெரியவர்கள். வண்டியை ஜனங்களுக்குக் காட்டச் சேலத்திலிருந்து சவுரியப்பனும் வந்திருந்தான். கிருஷ்ணப்பன் பேசினார். ஏழைகளின் கஷ்டத்தைப் பற்றி மறுபடியும் பேசினார். கை தட்டினார்கள். "பொதுமக்கள் யாராவது பேசுகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டது சும்மா மரியாதைக்கு.

பெண்கள் பக்கத்திலிருந்து பாஞ்சாலி எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"வண்டி வேணுங்க. எம்புருசன் நெருப்புலதான் செத்தான். அதனால வேணுங்க. இந்த ஐயா சபையில பேசினது அத்தனையும் சரி. அவரு பேசாட்டி யாரும் நம்மளத் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. சர்க்காரு காசு குடுக்கோணும், கண்டிப்பாக் குடுக்கோணும்."

கிருஷ்ணப்பன் தலையசைத்தார். கூட்டம் தட்ட ஆரம்பித்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இன்னும் முடிக்கலீங்க. இந்த ஐயா குடோன்ல ராமக்கா, பெரியம்மான்னு ரெண்டு பேரு வெந்து செத்தாங்க. வண்டி இல்லாததுனால சாவல. கதவு வெளிய பூட்டியிருந்துச்சு, அதனால செத்தாங்க. இந்த ஊர்ல எந்த மண்டிக்குப் போனாலும் இன்னிக்கும் எங்கள வெச்சுப் பூட்டறாங்க. நாளைக்கு வண்டி மணி அடிச்சுக்கிட்டு வாசலுக்கே வந்து நிக்கும். நாங்க உள்ளாற பூட்டுக்குள்ள இருப்போம். வண்டி யாரைக் காப்பாத்தும்? மூட்டையத்தான் காப்பாத்தும். வண்டியும் குடுங்க, பூட்டையும் எடுங்க. ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணுன்னு பேரம் பேசாதீங்க."

மேடையில் ஒருவர், "பொம்பளை ஏதோ உளர்றா, உக்காரச் சொல்லுங்க" என்றார். அப்போது பின்வரிசையில் மாது எழுந்தான். ஜெயிலுக்குப் போய்வந்தபின் அவன் யாரோடும் பேசுவதில்லை. கள்ளச் சாராயமே கதி.

"உளறலீங்க" என்றான். "சாவி எங்கிட்ட இருந்துச்சு. உத்தரவு எங்கிட்ட இல்லீங்க."

அதிகாரி கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பி, "பூட்டு இருந்ததா?" என்று கேட்டார்.

கிருஷ்ணப்பன் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். மாதுவைப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அவரைச் சுற்றி இருந்தவர்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். "இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பிற்பாடு பலர் அவரைப் புகழ்ந்தார்கள். பாஞ்சாலி அப்படி நினைக்கவில்லை. "மூணு வருசம் ஆச்சு அந்த ஒரு வார்த்தைக்கு. அதுக்குள்ள மாது ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டான்" என்றாள்.

மறுநாள் முதல் அவளுக்கு எந்த மண்டியிலும் வேலை இல்லை. யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மண்டிக்காரர்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காலையில் கிடங்குக் கதவு முன்னால் பெண்கள் நின்றார்கள். "பூட்டைக் கழட்டி எங்க கண்ணு முன்னால கீழ வெய்யுங்க, அப்பறம் உள்ள வர்றோம்" என்றார்கள். முதலில் ஒரு மண்டி, பிறகு அடுத்தது. கடலைக்காய் அறுவடை குவிந்து கிடக்கும் காலம், முதலாளிகளால் எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும்? பூட்டுகள் இறங்கின. அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. அவள் இண்டூருக்கே திரும்பி, கல்லுடைக்கவும் களையெடுக்கவும் போனாள்.

கிருஷ்ணப்பன் பயந்ததும் நடந்தது. அவருக்கு ஆகாதவர்கள் பூட்டை வைத்துச் சபையில் கேள்வி கேட்டார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். ஆனால் வண்டி நிற்கவில்லை. அவர் அடுத்த கூட்டத்திலும் எழுந்து அதே கோரிக்கையை வைத்தார். சர்க்கார் பணம் ஒதுக்கியது. அப்படியானால் வாயை மூடச் சொன்னது எதற்கு? இந்தக் கேள்வியைப் பாஞ்சாலி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காக இல்லை, அவருக்காகத்தான் அந்த மௌனம். அதை ஊருக்காக என்று சொன்னாரே, அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

1949இல் தர்மபுரியில் தகரக் கொட்டகை போட்டு நிலையத்தைத் திறந்தார்கள். கிருஷ்ணப்பனுக்கு மாலை போட்டார்கள். பாஞ்சாலியை யாரும் கூப்பிடவில்லை. அங்கேயே மாற்றலாகி வந்த சவுரியப்பன் சைக்கிளில் இண்டூருக்கு வந்து செய்தி சொன்னான்.

"வந்திருச்சு அக்கா. உங்க வண்டி."

"எங்கூரு தீப்புடிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சவுரியப்பன் தலையைச் சொறிந்தான். "யாராச்சும் சைக்கிள்ல வந்து சொல்லோணும்."

"ஆளு ஓடியாந்து சொல்லி, நீங்க கெளம்பி வர்றதுக்குள்ள தெருவு சாம்பலாயிரும். இந்தப் பக்கத்துப் போலீஸ் டேசன்ல போன் இருக்குதில்ல? அவங்களுக்குச் சொன்னா உங்களுக்குச் சொல்லோணும்னு உத்தரவு வாங்கு. பொறவு என் வண்டின்னு சொல்லு." சந்தோஷமாக வந்தவனைத் திட்டி அனுப்பினாள். அவன் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மறுபடி வந்தான்.

அந்த வருடம் வைகாசியில் குடிசைத் தெருவில் மறுபடி தீப்பிடித்தது. ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் பறந்தான், போலீஸ் போன் அடித்தது, சிவப்பு வண்டி வந்தது. பெரிய கிணற்றில் குழாயை இறக்கினார்கள். நாலு வீடு போனது. ஒரு ஆடு போனது. மற்ற வீடுகளும் மனிதர்கள் அத்தனை பேரும் தப்பினார்கள். தண்ணீர் கூரைமேல் பாய்ந்து விழுவதைப் பாஞ்சாலி பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதாள். தீர்த்தகிரி செத்தபோதுகூட மற்றவர் முன்னால் அழாதவள்.

ஊர்க்காரர்கள் நன்றி காட்டத் தெருமுனையில் ஒரு கல் நட முடிவு செய்தார்கள். 'தீயணைப்பு வண்டி தந்த புண்ணியவான் கிருஷ்ணப்பன்' என்று வெட்டுவதாகப் பேச்சு. மலையடிவாரத்திலிருந்து நல்ல பலகைக் கல்லாகக் கொண்டுவந்து போட்டார்கள்.

பாஞ்சாலி கல்லின் பக்கத்தில் போய் நின்றாள். "அவரு பேரை வெட்டுங்க, வேணாங்கல. பேசினாரு, வாங்கிக் குடுத்தாரு, அது நெசம். கீழயே ராமக்கா பேரும் பெரியம்மா பேரும் வெட்டுங்க. அவங்க செத்துத்தான் அவருக்குப் பேச்சு வந்துச்சு."

கூலிக்காரிகள் பெயரை, அதுவும் அநியாயமாகச் செத்தவர்கள் பெயரை, பெரிய மனுஷர் பெயரோடு எப்படிப் போடுவது என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். விஷயம் கிருஷ்ணப்பன் காதுக்கும் போனது. எனக்குக் கல்லே வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பினார். வெட்கத்தாலா வீம்பாலா, எனக்குத் தெரியாது. கல் நடப்படவே இல்லை. யாரோ அதைப் புரட்டிக் கிணற்று மேட்டில் போட்டார்கள். பெண்கள் அதில் துணி துவைத்தார்கள். பாஞ்சாலியும் துவைத்தாள், மற்ற எல்லாரையும் விட ஓங்கி அடித்து.